எதிரே வருபவரின் கண்

நேற்றிரவு குலசேகரம் சாலையில் எதிரே வந்த கார் வெளிச்சத்தில் கண் கூசி, ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன். இறங்கி வந்தவன் என் பழைய மாணவன். பெயர் சொல்லமாட்டேன். ஹாலஜன் விளக்குக்குள் எல்இடி பல்பு மாட்டியிருந்தான்.

1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஃபிரெனல் தன் வளைய வில்லையைப் பொருத்தினார். சிதறும் ஒளியைத் திரட்டிக் கடலுக்கு அனுப்பியது அது. சாலையில் அது மட்டும் போதாது. எதிரே ஆள் வருவார். அதனால்தான் லோ பீமின் மேல்விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும்படி விளக்கை அமைத்தார்கள். ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்புக் கிண்ணம், இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. 2007-இல் லெக்சஸ் காரில் எல்இடி லோ பீம் வந்தபோது, கொய்டோ நிறுவனம் விளக்கையே புதிதாக வடிவமைத்தது. பல்பை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

வண்டி வைத்திருப்போர் இன்றே பாருங்கள். எதிரே வருவது உங்கள் வாத்தியாராகவும் இருக்கலாம்.