51 சனிக்கிழமைகளுக்கான எண்ணெய்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1068-ஐ ஒட்டி வெட்டப்பட்டது. கோயிலின் சனநாத மண்டபத்தில் தங்கி வேதமும் இலக்கணமும் படித்தவர்களுக்கு என்னென்ன சேர வேண்டும் என்பதை அது கணக்குப் போட்டுச் சொல்கிறது. நாள்தோறும் சோறு, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், ஆண்டில் 51 சனிக்கிழமைகளுக்குத் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய். பக்கத்திலேயே வீரசோழன் பெயரில் 15 கட்டில்கள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. நோய் பார்க்க ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், படுத்திருப்பவரைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் சுமந்து தர ஓர் ஆள் என்று அனைவருக்கும் கூலி வகுத்திருக்கிறார்கள். தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், பழைய நெய் என்று ஏறக்குறைய 20 மருந்துகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்றும் பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறார்கள். மாணவருக்கென்று ஒதுக்கிய பகுதியில் புத்திமதி எதுவும் இல்லை. பொருளும் அளவும் ஆளும்தான் இருக்கின்றன.

இன்று மாணவர் நலம் என்றதும் கல்லூரிகளில் முதலில் ஏற்பாடாவது ஒரு சொற்பொழிவு. நேரத்தைத் திட்டமிடுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள், சத்தானதைச் சாப்பிடுங்கள், மனச்சுமையை யாரிடமாவது சொல்லுங்கள் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களில் பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியலிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ‘ஜீவன் கௌஷல்’ என்ற பாடத்திட்டத்தையே வகுத்தது. இவற்றில் தவறான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளைகள் வீட்டைவிட்டு வந்து தங்கிப் படித்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மாணவரின் உடலும் மனமும் நன்றாக இருந்த இடங்களில் முதலில் ஏற்பாடானவை உண்டியும் உறையுளும். அவை இருந்த இடத்தில்தான் சொன்ன அறிவுரை ஒட்டியது. இல்லாத இடத்தில், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காற்றோடு போயிற்று.

திருமுக்கூடல் விதிவிலக்கு அல்ல. அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரி ஒன்று நடந்தது. 14 ஆசிரியர்கள், 340 மாணவர்கள். இளநிலையில் படித்த 270 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலையில் படித்த 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. இந்தச் செலவு யாருடைய தாராள மனத்தையும் நம்பி விடப்படவில்லை. 45 வேலி நிலம் இதற்கென்றே எழுதி வைக்கப்பட்டது. வயது ஏறப் படிப்பின் பாரமும் ஏறும், அப்போது ஆதரவும் கூட வேண்டும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நம் காலத்து நடைமுறை இதற்கு நேர் எதிர். 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே பிள்ளை பதினெட்டு வயதில் கல்லூரி வாசலை மிதித்ததும் அந்தத் தட்டு பின்னால் நின்றுவிடுகிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பேருந்தில் தொற்றி வந்து இறங்குபவருக்கு, கவனக் குவிப்பு பற்றிய கருத்தரங்கு காத்திருக்கிறது.

இதற்கு உடனே எழும் மறுப்பு நியாயமானது. அந்தச் சோழர் கால விடுதிகள் யாருக்கு? வேதம் படிக்க உரிமை பெற்றிருந்த பிராமணப் பிள்ளைகளுக்கு. நெல்லை விளைவித்தவரின் பிள்ளைக்கு அந்தப் பந்தியில் இலை இல்லை. இதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. ஆனால் இந்த உண்மை நம் வாதத்தை உறுதிப்படுத்தவே செய்கிறது. விலக்கப்பட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டில் போராடியபோது கேட்டது வெறும் பாடத்தை மட்டும் அல்ல. தங்கும் அறையையும் சமமான பந்தியையும் சேர்த்துக் கேட்டார்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் தங்கவும் உண்ணவும் இடமில்லாமல் அங்கே கல்வி என்ற பேச்சுக்கே பொருள் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசியக் கல்வியின் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது வெளியே தெரிந்ததும், 1924–25-இல் தமிழகக் காங்கிரசே இரண்டுபட்டது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியது அல்ல. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரசு மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியதற்கு இட்டுச்சென்ற காரணங்களில் அந்தப் பந்தியும் ஒன்று. தனி இலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுவனுக்கும், தள்ளி உட்கார வைக்கப்பட்ட சிறுவனுக்கும் தன்மதிப்பு பற்றி நூறு வகுப்பு எடுத்தாலும், சாப்பாட்டு வேளை கற்றுத் தந்த பாடமே மனத்தில் நிற்கும்.

பெண்களின் கதையும் இதையே சொல்கிறது. இளம் வயதிலேயே கைம்பெண்ணான ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தம் வீட்டில் நான்கு பெண்களைத் தங்க வைத்துப் படிக்கச் செய்தார். அதுவே வளர்ந்து பின்னர்க் கடற்கரை ஐஸ் ஹவுசுக்கு இடம் மாறியது. அதுவும் பிராமணக் கைம்பெண்கள் என்ற எல்லைக்குள் தொடங்கியதுதான். அந்த எல்லைக்கு வெளியே நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவ்வை இல்லத்தின் பிறப்பு காட்டுகிறது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தம் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார். மன உறுதியோடு இரு, படித்து முன்னேறு என்று வாழ்த்தி அனுப்ப அன்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்தப் பெண்களின் விதியை மாற்றியது இரவில் தாழ்ப்பாள் போட்டுத் தூங்க ஓர் அறை.

ஏற்பாடு இல்லாத இடத்தில் மேதைமையும்கூடத் தவித்துப் போகும் என்பதற்குச் சீனிவாச ராமானுஜனைவிடப் பெரிய சான்று வேண்டாம். 1914 ஏப்ரலில் அவர் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. டிரினிட்டி கல்லூரி 60 பவுன் சேர்த்தது. ஹார்டியைப் போன்ற ஆசான் கிடைத்தார். காசுக்கோ வழிகாட்டுதலுக்கோ குறைவில்லை. ஆனால் குளிர்காலத்தில் அவரைப் பார்க்கப் போன, அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த பி.சி. மகலநோபிஸ், அவர் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டார். இரவில் மேல்கோட்டைப் போட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவதாகவும் குளிர் தாங்கவில்லை என்றும் ராமானுஜன் சொல்லியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் இருந்தன. மேல்விரிப்புக்கு அடியில், மெத்தையோடு இறுக்கிச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை. மகலநோபிஸ்தான் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். கும்பகோணத்தில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? வாழ்க்கைத் திறன் என்று நாம் பெரிய பெயர் சூட்டுவது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பக்கத்து அறைக்காரர் ஒருவர் விரிப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

உணவு விஷயத்தில் அப்படிக் காட்ட ஆள் இல்லை. ராமானுஜன் சைவ உணவு மட்டுமே உண்பவர்; கல்லூரிச் சமையலறையை நம்பவில்லை. அறையில் தாமே சமைத்துக்கொண்டார். கணக்கு ஓடத் தொடங்கினால் இரவு பகல் தெரியாது. வேளைக்குச் சாப்பிடுவதும் இல்லை. உலகப் போர் வந்ததும் வேண்டிய பொருள்களும் அரிதாயின. 1917-இல் நோயில் விழுந்து ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். 1918 தொடக்கத்தில் இலண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் குதிக்கும் அளவுக்கு மனம் உடைந்தார். 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதில் மறைந்தார். இங்கே ஒரு மறுப்பு உண்டு. அவரைக் கொன்றது காசநோய் அல்ல, முன்பே உடலில் தங்கியிருந்த அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று டி.ஏ.பி. யங் என்பவர் 1994-இல் வாதிட்டார். அது சரியென்றால் சாப்பாட்டுக் குறை சாவுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. நோய் எதுவானாலும், வேளைக்கு உண்ண ஒரு பந்தியும், இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் ‘என்ன ஆச்சு?’ என்று கதவைத் தட்ட ஓர் ஆளும் இருந்திருந்தால், அந்த ஐந்து ஆண்டுகள் வேறு மாதிரி கழிந்திருக்கும். அதைச் சொல்லப் பெரிய மருத்துவ ஆராய்ச்சி தேவையில்லை.

எல்லாவற்றையும் நிறுவனமே செய்து கொடுத்தால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள், பொறுப்பு எப்படி வரும் என்பது இன்னொரு கேள்வி. விடுதிகளின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர், விடுதியைப் படுக்கும் இடமாக மட்டும் கருதவில்லை. அதையும் கல்வியின் ஒரு பகுதியாகக் கருதினார். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது சேலையூர், புனித தோமையர், பிஷப் ஹீபர் என்ற மூன்று விடுதிகளைச் சுற்றியே வளாக வாழ்க்கை அமைந்தது. 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே திட்டமிடப்பட்டது. இப்படிப்பட்ட விடுதிகளில் வேர்விட்ட ஓர் ஏற்பாட்டை இன்றும் நம் மாணவர்கள் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்கிறார்கள். மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் என்று ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாள்களால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று மெஸ் பில் போடுவார்கள். மாணவர்களே மெஸ் செயலாளர்களாக முறைவைத்துப் பொறுப்பேற்பார்கள். விடியலில் மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளி விலை கேட்பது, ஸ்டாக் பதிவேட்டோடு மூட்டைகளை ஒத்துப் பார்ப்பது, மாஸ்டரிடம் தணிவாகப் பேசிச் சாம்பாரைத் திருத்துவது, பில் ஏறிவிட்டது என்று கொதிக்கும் நூறு பேருக்குக் கணக்கைக் காட்டி விளங்க வைப்பது எல்லாம் அந்த ஒரு மாதத்தில் வந்து சேரும். முடிவெடுத்தல், பேச்சுத்திறன், பிறர் நிலையில் நின்று பார்த்தல், உணர்ச்சியைக் கையாளுதல் என்று பாடத்திட்டம் தனித்தனித் தலைப்பாகப் பிரிப்பவை அங்கே ஒரே கணக்கு நோட்டில் கலந்து கிடக்கின்றன. மெஸ்ஸை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாழ்க்கைத் திறனுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்து வரும் கல்லூரி, கையில் இருந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வேறொன்றை வாடகைக்கு எடுக்கிறது.

விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள்தானே பலர், அவர்களுக்கு இந்த வரலாற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். அவர்களுக்கும் பகல் முழுவதும் கல்லூரியே உறையுள். உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், கட்டுப்படியாகும் விலையில் ஒரு வேளைச் சோறு, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, கடைசிப் பேருந்து போவதற்குள் முடியும் கால அட்டவணை, தலை சுற்றினால் அரைமணி படுக்க ஒரு கட்டில் ஆகியவை திருமுக்கூடல் பட்டியலின் இன்றைய வடிவம். மனநல ஆலோசகரும் அந்தப் பட்டியலில் கட்டாயம் வேண்டும். மனநோய் சோற்றாலும் பாயாலும் தீராது. அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவரையும் வெறும் பேச்சாளராக மேடையில் நிறுத்தாமல், ஆதுலசாலையில் மருத்துவரை வைத்த மாதிரி வைக்க வேண்டும். அவருக்கு நிலையான சம்பளமும் தனி அறையும் வேண்டும். தேடிப் போகும் நாளில் அவர் அங்கே இருக்க வேண்டும்.

மாணவர் நலத்துக்காகக் கூடும் குழுக்கள் அடுத்த முறை சொற்பொழிவாளரின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன், திருமுக்கூடல் கல்லில் இருப்பதைப் போல ஒரு பட்டியலை எழுதிப் பார்க்கட்டும். எத்தனை பேர், ஆளுக்கு என்ன, எந்த நாளில், யார் பொறுப்பு, பணம் எதிலிருந்து என்று அதில் இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே பந்தி என்ற வரியையும் சேர்க்கட்டும். அந்தக் கல் எழுதாமல் விட்டது அது. வாரத்துக்கு ஒருமுறை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது உடம்புக்கு நல்லது என்று அன்றைய மாணவனுக்கும் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். கல்வெட்டு எழுதியவர் எண்ணெய்க்கு வழிசெய்தார். 51 வாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கும் போட்டு வைத்தார்.