மொட்டை மாடிக்கு கியாஸ் கிரில் வாங்கலாமா? 20 மணி நேரத்தில் சிலிண்டர் காலி!

ராமநாதபுரம்:-

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மொட்டை மாடியில் புகை கிளம்பும் வீடுகள் இப்போது அதிகம். கோழியை மசாலா தடவி சுட்டு சாப்பிடுற ஆசை ஓட்டலோட நிக்கல, வீட்டுக்கே வந்தாச்சு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போய் வந்தவர்கள் அங்கே பார்த்த கியாஸ் கிரில் அடுப்பை இங்கேயும் வாங்கிப் போட ஆசைப்படுகிறார்கள். கடையில் பளபளன்னு மூடியை திறந்து காட்டியதும் மனசு மயங்கிடும். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு, அது நம்ம வீட்டுக்கு சரிப்படுமா என்று பார்த்து விடுங்கள்.

அடுப்பு எப்படி வேலை செய்யுது?

மூடி போட்ட ஒரு இரும்பு பெட்டி. அடியில் 2 அல்லது 3 நீளமான பர்னர் குழாய்கள். அதற்கு மேல் கூரை மாதிரி மடித்த தகடு. அதற்கும் மேலே கம்பி தட்டு. கறியில் இருந்து சொட்டும் கொழுப்பு சூடான தகட்டில் பட்டு புகையாகி மறுபடியும் கறியில் ஏறும். கியாஸ் கிரில்லில் கிடைக்கும் சுட்ட வாசனை இதுதான். கரி அடுப்பில் கனலும் நெருப்பு நேராக கறியை தாக்கும், கரி புகையும் சேரும். ஆகவே "அப்படியே கரியில சுட்ட மாதிரி இருக்கும்" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும்.

கியாசில் சவுகரியம் இருக்கு, இல்லை என்று சொல்ல முடியாது. மூடியை போட்டு 10, 15 நிமிஷத்தில் அடுப்பு தயார். கரி என்றால் பற்ற வைத்து மேலே சாம்பல் பூக்க அரை மணி நேரம் காத்திருக்கணும். கியாசில் ஒரு பக்கம் தீயை கூட்டி, மறுபக்கம் அணைத்து வைக்கலாம். தொடைக்கறி மாதிரி கனமான துண்டை முதலில் சூடான பக்கம் புரட்டி, பிறகு அணைந்த பக்கம் தள்ளி மூடி வைத்தால் வெளியே கருகாமல் உள்ளே வேகும். சாம்பல் அள்ளும் வேலை கிடையாது.

வெளியே என்ன சமைக்கிறீங்க?

இந்த கேள்விக்கு பதில் தெரியாமல் வாங்கியவர்கள் வீட்டில்தான் அடுப்பு மூலையில் கிடக்கிறது. நம்ம ஊரில் வீட்டுக்கு வெளியே சமைப்பது என்றால் பெரும்பாலும் பிரியாணி அண்டா, கிடா வெட்டு குழம்பு, பொங்கல் பானை. இதற்கெல்லாம் கிரில் உதவாது. கம்பி தட்டில் அண்டாவை ஏற்றினால் கனம் தாங்காது, தீயும் போதாது. சமையல்காரர்கள் கொண்டு வரும் பெரிய இரும்பு அடுப்பு அல்லது விறகுதான் அதற்கு சரி.

கிரில் என்பது சுடுவதற்கு மட்டும். கோழி, விளைமீன், பாறை மீன், இறால், சோளக்கதிர், குடைமிளகாய், பன்னீர். மீனை நேரடியாக கம்பியில் வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்து போகும். இரண்டு பக்கமும் மூடுகிற கம்பி கூட்டில் வைத்து புரட்டுவது நல்லது. மாதம் 3, 4 தடவை இப்படி சுட்டு சாப்பிடும் குடும்பமா நீங்கள்? அப்படியானால் மேலே படியுங்கள். பக்ரீத், தீபாவளி, பிள்ளைங்க லீவு என்று வருஷத்துக்கு 3 தடவை என்றால் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

700 கிராம் கணக்கு

3 பர்னர் உள்ள நடுத்தர கிரில்லில் ஒரு பர்னர் சுமார் 3 கிலோவாட் என்று வைத்துக் கொள்வோம். மூன்றையும் முழுசாக திறந்தால் 9 கிலோவாட். 1 கிலோ சமையல் கியாஸ் எரிந்தால் கிடைக்கும் சூடு 12.8 கிலோவாட் மணி அளவு. அப்படியானால் மணிக்கு சுமார் 700 கிராம் கியாஸ் போகும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. 20 மணி நேரத்தில் காலி! சமையல் அறையில் ஒரு மாதத்துக்கு மேல் வரும் சிலிண்டர் இது என்பதை யோசித்து பாருங்க. தீயை குறைத்து வைத்தால் செலவும் குறையும், ஆனாலும் அடுப்பை சூடேற்றவே கொஞ்சம் போய்விடும்.

உங்கள் சிலிண்டர் விலையை 20-ஆல் வகுத்தால் 1 மணி நேர கிரில்லுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒற்றை சிலிண்டர் இணைப்பு வைத்திருப்பவர்கள் சமையல் அறை சிலிண்டரை கழற்றி மாடிக்கு தூக்குவதுதான் பெரிய தலைவலி. நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ கனம். கழற்றி, ஏற்றி, இறக்கி, திரும்ப மாட்டுவது ஒவ்வொன்றும் கசிவுக்கு ஒரு வாய்ப்பு. இதற்கு பயந்து சமையல் அறையில் இருந்தே நீள டியூப் இழுத்து விடுபவர்கள் உண்டு. உஷார்! டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடுவில் ஒட்டு போடக்கூடாது, ஒரே சிலிண்டரில் இரண்டு அடுப்புக்கு பிரிக்கக்கூடாது. 5 வருஷம் ஆன டியூப் பார்க்க நல்லா இருந்தாலும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது சிலிண்டர் இருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. இல்லாதவர்களுக்கு 2013 முதல் முகவரி சான்று இல்லாமல் விற்கப்படும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. மானியம் கிடையாது, கிலோ கணக்கில் விலை கூடுதல். கிரில்லில் 7 மணி நேரம் ஓடும். தூக்க சுலபம்.

கியாஸ் குறையும்போது சிலிண்டரை சாய்த்து வைப்பது, படுக்க போடுவது, வெந்நீரில் வைப்பது மூன்றும் வேண்டாம். படுக்க போட்டால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய் தீ குப்பென்று எழும்.

கரி அடுப்பு மட்டமா?

இல்லவே இல்லை. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி வெளியூருக்கெல்லாம் போகுது. வருஷத்துக்கு சில தடவை சுடும் வீட்டுக்கு 4 செங்கல், ஒரு கம்பி தட்டு, ஒரு விசிறி போதும். 2 கிலோ கோழிக்கு ஏறத்தாழ 2 கிலோ கரி ஆகும். பழைய தகரத்தை வெட்டி அடுப்பு செய்பவர்கள் கவனிக்கவும்: ஜி.ஐ. தகடு சூடானால் அதன் துத்தநாக பூச்சு புகையாகும், அது மூச்சுக்கு கெடுதல். ரசாயனம் இருந்த டிரம்மும் வேண்டாம்.

ஆனால் கரியில் கண்ணுக்கு தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்கு சுற்றுலா வந்த திருச்சி வாலிபர்கள் 2 பேர் அறையில் பிணமாக கிடந்தனர். சிக்கன் சுட்ட கரி அடுப்பை குளிருக்காக உள்ளேயே வைத்துவிட்டு தூங்கியிருக்கிறார்கள். கனலும் கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மழை வந்தாலும் அடுப்பை உள்ளே கொண்டு போகக்கூடாது. கியாஸ் கிரில்லுக்கும் இதே விதிதான்.

டூருக்கு போகும்போது வேனில் சிலிண்டர் ஏற்றும் பழக்கமும் உண்டு. 2023 ஆகஸ்டு 26-ந் தேதி மதுரையில் நின்ற சுற்றுலா ரெயில் பெட்டியில் விதியை மீறி வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் பலியானதை இந்த பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடல் காற்று

ராமேசுவரம், பாம்பன், தொண்டி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவு. உப்புக்காற்றில் பெயிண்ட் அடித்த சாதாரண இரும்பு கிரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் என்றால் விலை எகிறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உறையும் வேணும், ஒதுக்கி வைக்க கொட்டகையும் வேணும். காற்று பலமாக அடித்தால் பர்னர் அணைந்து கியாஸ் மட்டும் வந்துகிட்டு இருக்கும். காற்றுக்கு மறைப்பு உள்ள முற்றமோ கொல்லைப்புறமோ இருப்பவர்களுக்குத்தான் கியாஸ் கிரில் லாயக்கு. வாடகை வீட்டுக்காரர்கள் ஓனரிடம் முதலில் கேட்டுக்கோங்க. பக்கத்து வீட்டு ஜன்னலும் கவனத்தில் இருக்கட்டும்.

கார்கோவில் வந்த கிரில்

வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்ததை அப்படியே நம்ம சிலிண்டரில் மாட்ட முடியாது. ரெகுலேட்டர் வேறு, அழுத்தம் வேறு. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுக்கு செய்த கிரில்லில் ஜெட் துவாரம் பெரிசாக இருக்கும். சிலிண்டர் கியாசை அதில் விட்டால் தீ ஆளுயரம் எழும். ஏஜென்சி மெக்கானிக்கிடம் காட்டி ஜெட், ரெகுலேட்டர் இரண்டையும் பார்த்த பிறகே பற்ற வைக்கணும்.

வீட்டுக்கு வாங்கியதில் சாயங்காலம் தெருவில் கிரில் கடை போடலாம் என்று கணக்கு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு வைத்தால் 2000-ம் ஆண்டு உத்தரவுப்படி பறிமுதல், வழக்கு வரை போகும். அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

பற்ற வைக்கும்போது

மூடியை திறந்து வைத்த பிறகே கியாசை திறக்க வேண்டும். மூடியபடி திறந்து பட்டனை அமுக்கினால், உள்ளே சேர்ந்த கியாஸ் ஒரேயடியாக வெடித்து முகம் கருகும். முதல் தடவை பற்றவில்லை என்றால் கியாசை அடைத்து 5 நிமிஷம் விட்டு மறுபடி முயற்சி செய்யவும். சமையல் கியாஸ் காற்றைவிட கனமானது, தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் போய் தங்கும். ஆகவே மழைநீர் குழி, மாடிப்படி வாசல் பக்கம் சிலிண்டரை நிறுத்தாதீங்க. கசிவு பார்க்க சோப்பு நுரை போதும், தீக்குச்சி வேண்டாம். கசிவு நிக்கலைன்னா 1906 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

கொழுப்பு சேரும் அடித்தட்டை ஒவ்வொரு தடவையும் கழுவணும். அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, கியாசை அடைத்துவிட்டு மூடியை போடவும்.

ஏற்கனவே வாங்கி, பல மாதம் பயன்படுத்தாமல் மூடி வைத்திருப்பவர்கள் பர்னர் குழாயை கழற்றி ஊதிப் பார்க்கவும். சிலந்தி வலையும் குளவிக்கூடும் அங்கேதான் கட்டும். அடைத்திருந்தால் கியாஸ் முன்னால் போகாமல் பின்பக்கம், குமிழ் இருக்கும் இடத்தில் தீப்பிடிக்கும். ஒரு சைக்கிள் கம்பி போதும், சுத்தம் செய்துவிடலாம்.