முதல்ல உசுரு, அப்புறம் கேசு

பழனிசெட்டிபட்டியில கம்பம் ரோட்டை நடந்து தாண்டுறவங்களுக்குத் தெரியும், உசுரு நம்ம கையில இல்லேன்னு. யாராச்சும் அடிபட்டுக் கிடந்தா, "தொடாதப்பா, போலீஸ் கேசு"ன்னு ஒரு குரல் வருமே, அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு மக்களே.

ஒரு ஸ்கூட்டர்காரரை கார் அடிச்சுது. முதல்ல கொண்டுபோன ஆஸ்பத்திரியில, போலீஸ் கேசு இங்க பாக்குறதில்லேன்னு 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு இடத்துக்கு அனுப்பிட்டாங்க. வழியிலேயே உயிர் போச்சு. பேப்பர்ல இதைப் படிச்ச பரமானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்தது: அரசோ தனியாரோ, முதல்ல சிகிச்சை, சட்டச் சடங்கெல்லாம் பிறகு.

2008-ல தமிழ்நாட்டுக்கு 108 வந்தது. தூக்கிட்டுப் போறவரை அலைக்கழிக்கக் கூடாதுன்னு 2016-ல உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஏறிச்சு. 2021 டிசம்பர்ல தொடங்கினது 'இன்னுயிர் காப்போம்' திட்டம்: அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரம் இலவசம். இடிச்சிட்டு ஓடின வண்டி எதுன்னே தெரியலியா? 2022 ஏப்ரல் முதல் பலத்த காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் நிவாரணம்.

அதனால, அடிபட்டா "ஒண்ணுமில்ல"ன்னு எழுந்து நடந்துடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க, வண்டி நம்பரைக் குறிங்க, ஆஸ்பத்திரியில விபத்துன்னு பதிய வைங்க. பாக்குறவங்களும் பயப்படாம தூக்குங்க, சட்டம் நம்ம பக்கம்தான்.