குடத்துத் தண்ணீரும் கல்நார்த் தூசும்

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியபோது சாம்பல் நிறப் பழைய குழாய்த் துண்டுகள் மேலே வந்தன. ஏ.சி. பைப் என்பார்கள். சிமெண்டில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்து செய்தது. "இத்தனை வருஷமா இதுல வந்த தண்ணியையா குடிச்சோம்? கேன்சர் வருமாமே?" என்றார் விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சித்தி. அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள்.

1898இல் இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன், கல்நார்த் தூசு உடலைக் கெடுக்கிறது என்று அரசு அறிக்கையில் எழுதினார். நுண்ணோக்கியில் அது கண்ணாடிச் சில்லுபோலக் கூர்மையாகத் தெரிந்தது. ஆலைகள் வழக்கம்போல ஓடின. ராச்டேலில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த பிறகே அந்த நோய்க்கு ஒரு பெயர் வந்தது. அவர் உழைத்த டர்னர் பிரதர்ஸ் நிறுவனம் இழப்பீடு தரவில்லை.

1965இல் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இருவர் லண்டனில் மீசோதெலியோமா புற்றுநோய் வந்த 76 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 9 பேருக்கு வீட்டில் ஒருவர் கல்நார் வேலைக்குப் போனதுதான் தொடர்பு. பெரும்பாலும் கணவரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிகள். துவைப்பதை யார் வேலை என்று எழுதி வைக்கிறார்கள்?

குடிநீர் பற்றிய அச்சம் அதற்குப் பின்னர் எழுந்தது. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியில் ஓர் இரும்புத்தாது ஆலை தினமும் 67,000 டன் கழிவைக் கொட்டியது. அதில் கல்நார் இருக்கிறது என்று 1972இல் பொது விசாரணையில் எழுந்து சொன்னவர் அர்லீன் லேட்டோ. மறு வருடம் டுலூத் நகரக் குடிநீரில் கல்நார் போன்ற இழைகள் இருப்பதை அரசே அறிவித்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் அந்த ஊரில் புற்றுநோய் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. குடிநீர்க் கல்நார் கேடு என்பதற்கு ஒத்துப்போகும் சான்று இல்லை என்று சொல்லி உலக சுகாதார நிறுவனம் வரம்பே வைக்கவில்லை; அமெரிக்கா மட்டும் லிட்டருக்கு 70 லட்சம் நீள இழைகள் என்று வைத்திருக்கிறது. அமிலத் தன்மையுள்ள மென்னீர் குழாயின் சிமெண்டை அரித்து இழையை விடுவிக்கும். குடத்தில் வெள்ளையாகப் படியும் கடினநீரில் அது குறைவு.

ஆகவே என் பயம் குடத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது. குழாயை உலர்ந்தபடியே அறுப்பது, உடைந்த கூரை ஷீட்டின் தூளைத் துடைப்பத்தால் கூட்டுவது, இவைதான் ஆபத்து. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ள வேண்டும். கல்நாரால் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல்தான் உறுதியாகச் சொன்னது. லூசி டீனின் அறிக்கைக்கு 111 வருடம் கழித்து.

நம் உச்ச நீதிமன்றம் 1995இல் கல்நார் ஆலைகளுக்கு ஓர் ஆணை இட்டது: ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நல்ல ஆணை. துணி துவைத்தவளுக்கும் ஷீட் தூளைக் கூட்டியவளுக்கும் அந்தப் பதிவேட்டில் பக்கம் கிடையாது.