வெயில் காணாத துணி

மன்னர்களின் பட்டாடையை வருணித்த சரித்திர ஆசிரியர்கள், பெண்கள் மாதந்தோறும் துவைத்து மறைவில் உலர்த்திய பழந்துணியை மறந்தே போனார்கள். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

முதல் உலகப்போரில் காயங்களுக்குக் கட்டுவதற்கென மரக்கூழிலிருந்து பஞ்சுபோன்ற ஒரு பொருள் செய்யப்பட்டது. தாதியர் அதனைத் தம் மாதாந்தத் தேவைக்கும் பயன்படுத்தினர். போர் ஓய்ந்தபின் அதே பொருள், 1920ஆம் ஆண்டளவில், 'கோட்டெக்ஸ்' என்னும் பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தாதியர் கண்ட உபாயம் முதலாளியின் இலாபமாயிற்று!

இலங்கையிலோ அரசின் கையும் அதன்மேல் விழுந்தது. இறக்குமதியாகும் சுகாதாரத் துவாய்களின் மீது 2018 வரை இருந்த வரிகளின் கூட்டுத்தொகை நூற்றுக்கு 101.2. பொருளைவிட வரி பெரிது! அவ்வாண்டு செப்டெம்பரில் 'செஸ்' வரி நீங்கிய பின்னரும் 62.6 எஞ்சிற்று. கடலையும் வயலையும் நம்பி வாழும் பொத்துவில் குடும்பம் ஒன்றுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்து ஆரோவில்லில் 2010இல் தோன்றிய 'ஈகோ ஃபெம்', துவைத்து மீண்டும் அணியத்தக்க பருத்தித் துவாய்களைக் கிராமப் பெண்களைக் கொண்டு தைப்பிக்கிறது. உள்ளாடையில் பொத்தானால் பொருத்தலாம். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சவர்க்காரமிட்டு அலசி, வெயிலில் உலர்த்தவேண்டும்.

வெயிலில்! இடர் அங்கேதான். துணி குற்றம் செய்யவில்லை. ஈரம் போகாமல் அதை ஒளித்துவைக்கச் செய்யும் வெட்கமே குற்றவாளி. அவ்வெட்கத்துக்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்போரும் உளர். ஆடையில் மாதவிடாய் இரத்தம் பட்டால் என்செய்வது என ஒரு பெண் நபிகளாரிடம் நேராகவே கேட்டதையும், சுரண்டித் தேய்த்து நீரால் கழுவி அவ்வாடையுடனேயே தொழலாம் என அவர் விடையிறுத்ததையும் அஸ்மா அவர்கள் வழிவந்த ஹதீஸ் கூறுகிறது.