கைரேகையே விலாசம்

நம்ம ஊர் நெமிலி. தாத்தா காலத்துல வட ஆற்காடு மாவட்டம், அப்புறம் வேலூர், 2019-லேர்ந்து ராணிப்பேட்டை. ஊர் ஒரு அடிகூட நகரல. விலாசம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு :-)

இணையத்துலயும் இதே கூத்துதான். நாம கொடுக்குற சுட்டி 'எந்த இடத்தில்' என்று சொல்லும். 'எது' என்று சொல்லாது. இடத்தை மூடினால் கோப்பும் போச்சு. 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடினப்ப எத்தனையோ பக்கங்கள் அப்படித்தான் போச்சு.

1999-ல் வந்த நாப்ஸ்டரில் பாட்டெல்லாம் அவங்கவங்க கணினியில்தான் இருந்தது. ஆனா யார்கிட்ட எது இருக்குங்கற பட்டியல் கம்பெனி கையில். வழக்கு வந்தது, 2001-ல் பட்டியல் நின்றது, எல்லாமே நின்றது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த இயன் கிளார்க் 1999-ல் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தது ஃப்ரீநெட். 2000-ல் வெளிவந்தது. நடுவில் தலைமை வழங்கியே கிடையாது. கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு நீள எண் வரும், கைரேகை மாதிரி. அதுவே விலாசம். ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மாறிடும். அதனால யார்கிட்டேர்ந்து வந்தாலும் நாம கேட்டதுதானான்னு நம்ம கணினியே சரிபார்த்துக்கும். பிட்டொரென்ட் (2001), ஐ.பி.எஃப்.எஸ். (2015) எல்லாம் இதே யுக்திதான்.

நமக்கென்ன இதுலன்னு கேக்காதீங்க. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். சீவக சிந்தாமணி மட்டும் எப்படிப் பிழைத்தது? பல ஊர்ல பலபேர் ஏட்டில் பிரதி எடுத்து வச்சிருந்தாங்க. உ.வே.சா. அவற்றைத் தேடி ஒப்பிட்டு 1887-ல் அச்சிட்டார்.

ஆனா ஒண்ணு. ஃப்ரீநெட்டில் ரொம்ப நாள் யாரும் கேட்காத கோப்பு, இடம் நிறைஞ்சதும் உதிர்ந்துடும். ஐ.பி.எஃப்.எஸ்.லயும் யாராவது ஒருத்தர் வச்சிருந்தாத்தான் கிடைக்கும். விலாசம் அழியாது, பொருள் அழியும். கரையான் தின்னுறதுக்குள்ள ஏட்டைத் திரும்ப எழுதி வைக்க ஆள் வேணும். அன்னைக்கும், இன்னைக்கும்.

என் முதல் பதிவுகள் ஒரு இலவச தளத்தோட மறைஞ்சுபோச்சு. ஒண்ணே ஒண்ணு திரும்பக் கிடைச்சது. நண்பர் ஒருத்தர் பிடிச்சிருக்குன்னு சேமிச்சு வச்சிருந்தார். உங்களுக்குப் பிடிச்ச பதிவு ஏதாவது இருந்தா, இன்னைக்கே ஒரு பிரதி எடுத்து வைங்க.