பத்ரா நதியும் குதிரேமுக் சுரங்கமும்

கன்னட நாட்டில், சிக்கமகளூர் மாவட்டத்தின் மேற்கு மலைத்தொடரில், சுமார் 1,890 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரம் நிற்கிறது. குதிரையின் முகத்தை ஒத்திருப்பதால் அதற்குக் குதிரேமுக் என்று பெயர். நமக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாத பெயர்தான். அதன் அருகே கங்கமூலா என்னுமிடத்தில் துங்கை, பத்ரை, நேத்ராவதி ஆகிய மூன்று நதிகள் பிறக்கின்றன. நேத்ராவதி மேற்கே கடலை நாடுகிறது. மற்ற இரண்டும் கூடலி என்ற ஊரில் கலந்து துங்கபத்திரையாகிக் கிருஷ்ணையைச் சேருகின்றன. 1923இல் தொடங்கிய பத்ராவதி இரும்பாலையை நாடிச் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்ரை அன்னிய நதியன்று.

இம்மலையில் இரும்புத் தாது உண்டென்பதை 1913இல் மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த சம்பத் ஐயங்கார் கண்டறிந்தார். எனினும் அது தரம் குறைந்த தாது; நூற்றுக்கு நாற்பது பங்குகூட இரும்பு தேறாது. ஆகவே பல்லாண்டுகள் எவரும் அதைத் தீண்டவில்லை. 1975இல் ஈரான் நாட்டோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டே மத்திய சர்க்காரின் கம்பெனி ஒன்று நிறுவப்பட்டு, மலை வெட்டப்பட்டது. தாதுவை மாவாக அரைத்து, இரும்பைப் பிரித்து, நீரில் கரைத்து 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே மங்களூருக்கு அனுப்பினார்கள். எஞ்சிய கழிவு மண்ணைத் தேக்குவதற்கு, பத்ரையின் கிளையாகிய லக்யா ஓடையின் குறுக்கே ஓர் அணை எழுந்தது. 1979இல் ஈரானில் மன்னராட்சி கவிழ்ந்தது. அந்நாடு தாது வாங்காமல் விலகிக்கொண்டது. சுரங்கம் மட்டும் நிற்கவில்லை. வேறு நாடுகளுக்குத் தாது போயிற்று.

இங்கே நாம் ஆராய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. சுரங்கம் தோண்டுமுன் அந்த ஆறு எப்படி இருந்தது? 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் கழிவு விடுவதைக் கட்டுப்படுத்தியதேயன்றி, தொழில் தொடங்குமுன் ஓடைகளை அளந்து வைக்க வேண்டுமென்று கட்டளையிடவில்லை. அத்தகைய கடமை 1994இல் வந்த அறிவிக்கையால்தான் சுரங்கங்கள்மீது ஏறிற்று. 2006இல் அது திருத்தி வெளியிடப்பட்டது.

அளப்பது என்றால் ஒரு புட்டியில் நீர் மொண்டு பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவதன்று. சுரங்கம் அமையவிருக்கும் நிலத்துக்கு மேலும் கீழும் இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஓடையிலும் நீர்மட்டத்தையும் வேகத்தையும் நாள்தோறும் குறிக்க வேண்டும். நீரை வடிகட்டி, தங்கும் மண்ணை உலர்த்தி, ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று நிறுக்க வேண்டும். அமிலத்தன்மை, கரைந்த இரும்பு, கரைந்த பிராணவாயு, மீன், நீர்ப்பூச்சி ஆகியவற்றையும் பதிவு செய்ய வேண்டும். தோண்டப்படாத அண்டை ஓடை ஒன்றையும் உடன் அளந்து வந்தால், பின்னாளில் ஒப்பிடுவதற்கு அது சாட்சியாக நிற்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பருவம். குதிரேமுக் வட்டாரத்தில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்கிறது. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். ஆறு சுமக்கும் மண்ணில் பெரும்பங்கு ஒரு சில பெருமழை நாட்களிலேயே இறங்கிவிடுகிறது. கோடையில் தெளிந்தோடும் பத்ரையை அளந்துவிட்டு ஆற்றின் நிலையை அறிந்தோம் என்பது, தூங்குகிறவனைப் பார்த்து அவன் கோபத்தை எடைபோடுவதாகும். ஆயினும் நம் விதிமுறையில், மழைக்காலம் நீங்கிய ஒரே பருவத்தின் அளவுகளே பெரும்பாலும் போதுமென்று கொள்ளப்பட்டன. மழையில் மலையேறுவது கடினந்தான். அதற்காக ஆற்றின் மெய்யான முகத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவது நியாயமாகுமா?

கீழே லக்கவள்ளி நீர்த்தேக்கத்தை நம்பி நெல்லும் கரும்பும் பயிரிடுவோர், சுரங்க மண் ஆற்றில் இறங்குகிறதே என்று அஞ்சினர். இத்துணை மழை பெய்யும் மலையில் மண் இயற்கையாகவே கரையாதா என்பது மறுவாதம். முற்காலக் கணக்கு கையிலிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தீர்த்திருக்கலாம். அது இல்லாதபடியால், சுரங்கம் நடந்து இருபதாண்டுகள் கழிந்தபின் ஆராய்ச்சியாளர்கள் மழைக்காலங்களில் ஆற்றங்கரையில் நின்று அளக்க நேர்ந்தது. நீர்ப்பிடிப்பில் சிறு பகுதியேயான சுரங்க நிலம், தன் பரப்புக்கு மிஞ்சிய அளவு மண்ணை ஆற்றுக்குத் தந்தது என்று அவ்வளவுகள் காட்டின.

இதற்கிடையில், 1987இல் சுற்றியுள்ள காடு தேசியப் பூங்காவென அறிவிக்கப்பட்டது. 1999இல் குத்தகைக் காலம் முடிந்தது. ஓய்வுபெற்ற வன அதிகாரி கே. எம். சின்னப்பா தொடுத்த வழக்கில், சுரங்கத்தை மூடுமாறு 2002 அக்டோபர் 30ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2005 டிசம்பர் இறுதியோடு வெட்டுதல் நின்றது. லக்யா அணைக்குப் பின்னால் கழிவு மண் மட்டும் அப்படியே கிடக்கிறது. ஆண்டுதோறும் அதன்மீது அந்த மலையின் மழை பெய்துகொண்டிருக்கிறது.